மெர்சிடிஸ் டபிள்யூ124: அது கனத்த வண்டியா, கணக்கான வண்டியா?

நாலுசக்கரம்

அனைவருக்கும் வணக்கம். மெர்சிடிஸ்-பென்ஸின் டபிள்யூ124 வரிசைச் செடான்களைப் பற்றி இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேசியிருக்கிறோமே தவிர, அதற்கென்று தனி இழை இதுவரை இல்லை. 1984ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாகி, 1995 வரை செடானாகவும் அதற்குப் பிறகும் சில காலம் மற்ற வடிவங்களிலும் தயாரான இந்த வரிசையில், எல்லா வடிவங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 27 லட்சம் வண்டிகள் வெளிவந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி செடான்களே.

நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு மழை. ஈப்போவில் என் மாமனார் வைத்திருக்கும் 1991ஆம் ஆண்டு 230 ஈ வண்டியைக் கடந்த மாதம் இரவில் ஓட்டிக்கொண்டு வந்தபோது கொட்டித் தீர்த்தது. இந்த வண்டிக்கு வைப்பர் ஒன்றுதான். முன்பெல்லாம் அதை ஒரு விசித்திரமாகவே பார்த்து வந்தேன். அன்று வேகத்தைக் குறைத்து ஊர்ந்து வந்ததால் அதைக் கவனிக்க நேரம் கிடைத்தது. அந்தக் கை வெறும் அரைவட்டம் போடவில்லை. படுத்திருக்கும் இடத்திலிருந்து கிளம்பியதும் நீண்டு, கண்ணாடியின் மேல்மூலைக்குள் எட்டித் துடைக்கிறது; உச்சிக்கு வரும்போது தன்னை உள்ளே இழுத்துக்கொள்கிறது; அடுத்த மூலையை நெருங்கும்போது மறுபடியும் நீள்கிறது. வைப்பரின் அடிக்குமிழுக்குள் இருக்கும் பல்சக்கர அமைப்பு, கை சுழலச் சுழல அதை வெளியே தள்ளியும் உள்ளே இழுத்தும் கொடுக்கிறது. கண்ணாடிப் பரப்பில் 86 விழுக்காட்டை இந்த ஒற்றைக் கையே துடைத்துவிடுகிறது.

இரண்டு வைப்பர் போட்டால் எளிதாக முடிந்துபோகிற வேலைக்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்களே என்று வியப்பதா, இது வீண் ஆடம்பரம் என்று சொல்வதா? ‘தேவைக்கு மேல் பொறியியல் பார்த்த கடைசி பென்ஸ்’ என்று இதைப் புகழ்கிறவர்கள் ஏராளம். அந்தப் புகழ்ச்சி சரிதானா என்பதே என் கேள்வி.

கம்பிச்சுருள்

நல்ல கேள்வி. நான் சஸ்பென்ஷன் வடிவமைப்புத் துறையில் வேலை பார்க்கிறவன். என்னைக் கேட்டால் வைப்பரைவிட வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டியது அதிகம் என்பேன்.

இதற்கு முந்தைய டபிள்யூ123 வண்டியில் பின்சக்கரம் ஒவ்வொன்றையும் முக்கோணம் போன்ற ஒரே பெரிய கை தாங்கியிருந்தது. அந்தக் கை சாய்வான அச்சில் சுழலும். ஆகவே சக்கரம் மேலெழும்போதும் தாழும்போதும் அதன் சாய்வும் அது பார்க்கும் திசையும் சேர்ந்தே மாறும். சாதாரண ஓட்டத்தில் இது தெரியாது. வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பயந்து சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்புறம் எழும்பும், பின்சக்கரங்கள் கொஞ்சம் திசை மாறும், வால் வெளியே வீசப் பார்க்கும். அந்தக் காலத்துப் பின்சக்கர இழுவை வண்டிகள் பலவற்றுக்கும் பொதுவான நோய் இது.

1982இல் வெளிவந்த சிறிய 190 மாடலில் இதற்கு ஒரு மாற்று வந்தது. டபிள்யூ124க்கும் அதே அமைப்புதான். ஒரு பெரிய கைக்குப் பதிலாக மெல்லிய ஐந்து கம்பிகள். ஏன் சரியாக ஐந்து என்பதில்தான் அழகு இருக்கிறது. கட்டில்லாமல் வெளியில் நிற்கும் எந்தப் பொருளும் ஆறு விதமாக அசைய முடியும்: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். இரு முனையிலும் மூட்டுள்ள ஒரு கம்பியால் அதில் ஓர் அசைவை மட்டும் நிறுத்த முடியும். பந்தல் காலுக்கு இழுகயிறு கட்டுகிறவர்களுக்கு இது கணக்குப் போடாமலேயே தெரியும். ஒரு கயிறு ஒரு பக்கச் சாய்வைத்தான் பிடிக்கும். ஐந்து கம்பிகள் ஐந்து அசைவுகளை நிறுத்திவிட்டால், சக்கரத்துக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று, அது மேலும் கீழும் போவது. நமக்கு வேண்டியதும் அது மட்டும்தான்.

இதனால் கிடைக்கும் லாபம் என்னவென்றால், ஒவ்வொரு கம்பிக்கும் ஒரே வேலை என்பதால் ஒவ்வொன்றின் நீளத்தையும் கோணத்தையும் முனையிலுள்ள ரப்பர் புஷ்ஷின் இறுக்கத்தையும் மற்றவற்றைக் கெடுக்காமல் தனித்தனியே தீர்மானிக்க முடிகிறது. சக்கரத்தின் திசையைக் காக்கும் கம்பியின் புஷ்ஷை இறுக்கமாக வைக்கலாம். முன்பின்னாக வரும் அடியை வாங்கும் கம்பியின் புஷ்ஷை மென்மையாக விடலாம். பள்ளத்தில் இறங்கினால் மெத்தென்று இருக்கிறது, வளைவில் உறுதியாகவும் நிற்கிறது என்று இந்த வண்டியை ஓட்டியவர்கள் சொல்வது மந்திரமல்ல, இந்தப் பிரிவினையின் விளைவு. பிரேக் பிடிக்கும்போது பின்புறம் எழும்பாமலும் வேகமெடுக்கும்போது குந்தாமலும் இருப்பதற்கான கோணங்களும் இதே ஐந்து கம்பிகளுக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்து மெல்லிய கம்பிகள் சேர்ந்தும் கனம் அதிகமில்லை. ‘தேவைக்கு மேல்’ என்ற சொல் எனக்கு உறுத்துவது இங்கேதான்.

மாற்றுக்கருத்து

இழையைக் கலைக்க வந்தவனாக என்னை நினைக்க வேண்டாம். ஆனால் பக்திக்கும் மதிப்பீட்டுக்கும் இடையே ஒரு கோடு வேண்டும்.

முதலாவதாக, காற்றுத்தடையைப் பற்றி இந்த வண்டியின் ரசிகர்கள் பெருமையாகப் பேசுவார்கள். 1982இலேயே ஆடி 100 வண்டி 0.30 என்ற குறைந்த காற்றுத்தடை எண்ணை எட்டி, அதைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திரிந்தது. இரண்டாவதாக, ஓட்டும் சுகம் என்று வந்தால் 1988இல் வந்த பிஎம்டபிள்யூ ஐந்தாம் வரிசை இதைவிடத் துடிப்பானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டபிள்யூ124இன் ஸ்டியரிங் பழைய பாணி சுழல்குண்டு அமைப்பு. நேராகப் போகும்போது நடுவில் ஒருவிதத் தளர்வு எப்போதும் இருக்கும். மூன்றாவதாக, இது ‘சொகுசு’ வண்டி என்கிறீர்கள். அடிப்படை 200 டி மாடலில் 72 குதிரைத்திறன். சன்னலைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும், ஏசி வேண்டுமானால் தனிக்காசு. உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள், அங்கே போய்ச் சேருவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

எண்பதுகளின் இறுதியில் வளர்ந்தவர்களுக்கு அந்த நட்சத்திரம் ஒரு கனவு. அந்தக் கனவைப் பொறியியல் என்று பெயர் மாற்றிப் பேசுகிறோமோ என்பதே என் ஐயம்.

நெக்கார்கரை

நாலுசக்கரம் அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்தவன். தொண்ணூறுகளில் ஏழு வருடங்கள் ஸ்டுட்கார்ட் நகரத்தில் வாடகைக்கார் ஓட்டினேன். அதில் ஐந்து வருடங்கள் 250 டி, ஐந்து சிலிண்டர் டீசல், 90 குதிரைத்திறன். யானைத்தந்த நிறம், அந்த நாட்டில் எழுபதுகளிலிருந்து வாடகைக்காருக்கென்று இருந்த நிறம் அது. ஆகவே நான் சொல்லப்போவது கனவு கண்டவனின் சாட்சி அல்ல, ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் அதில் குந்தியிருந்தவனின் சாட்சி.

மாற்றுக்கருத்து சொன்னதுபோல அது மெதுவான வாகனம்தான். ஆனால் வாடகைக்கார் ஓட்டுபவனுக்கு வேகம் ஒரு பொருட்டல்ல. அவனுக்கு வேண்டியது வேறு.

முதலில் இருக்கை. இன்றைய கார்களில் பஞ்சுநுரைக் கட்டி ஒன்றை வார்த்து வைக்கிறார்கள். அதில் உள்ளே சுருள்வில்லும் அதன்மேல் ரப்பர் பூசிய நார் மெத்தையும் இருந்தன. முதல்தரம் அமர்ந்தபோது கட்டை மாதிரி இருந்தது. இரவு மூன்று மணிக்கு இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும். முதுகு என்று ஒன்று இருப்பதே நினைவில் வராது. நார் மெத்தை என்றபடியால் காற்றும் உள்ளே புகும், வேர்வை தங்காது.

இரண்டாவது, திரும்பும் வட்டம். நான்கே முக்கால் மீற்றர் நீளமான வாகனம் அது. பழைய ஊரின் ஒடுங்கிய தெருவில் முன்சக்கரங்கள் ஏறக்குறையக் குறுக்காகவே திரும்பி நிற்பதைப் பார்த்துப் பயணிகள் வியப்பார்கள். புதிதாக வந்த சின்ன வாகனக்காரர் இரண்டுதரம் பின்னுக்கு எடுக்கும் இடத்தில் நான் ஒரே மூச்சில் திரும்பிவிடுவேன். முன்பக்க என்ஜின், பின்சக்கர இழுவை என்றபடியால் முன்சக்கரங்களுக்கு அச்சுத்தண்டின் இடைஞ்சல் இல்லை.

மூன்றாவது, பெட்டி வைக்கும் இடம். அதன் மூடி பம்பர் மட்டம் வரைக்கும் திறக்கும். அதற்காகத்தான் பின்விளக்குகளை உள்பக்கம் சரிவாக வெட்டியிருக்கிறார்கள். விமான நிலையத்தில் ஒரு வயதான அம்மாவின் முப்பது கிலோப் பெட்டியை நெஞ்சு வரைக்கும் தூக்கி உள்ளே இறக்குவதற்கும், முழங்காலளவு தூக்கி உள்ளே தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நாளைக்குப் பதினைந்து பெட்டி தூக்குகிறவனிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பின்விளக்குகளின் மேல் வரிவரியாக மேடும் பள்ளமும் இருக்கும். அழகுக்குப் போட்டது என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். பனிக்காலத்தில் வீதிச் சேறு அடித்து வாகனத்தின் பின்பக்கம் முழுவதும் சாம்பல் பூசியது போலாகிவிடும். அப்போதும் அந்தப் பள்ளங்களுக்குள் மட்டும் சேறு ஒட்டாது, வெளிச்சம் வெளியே வரும். என் வாகனத்தின் விளக்கை விரலால் தடவிப் பார்த்தேன். மேடு கறுத்துப் போயிருந்தது, பள்ளம் சுத்தமாக இருந்தது.

நாலுசக்கரம்

நெக்கார்கரை அண்ணாவின் பதிவைப் படித்த பிறகு என் கேள்வியின் பாதிக்கு விடை கிடைத்ததுபோல் இருக்கிறது. பக்கவாட்டுக் கண்ணாடிகளைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். எங்கள் வண்டியில் இரண்டும் ஒரே அளவில் இல்லை. யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று முதலில் நினைத்தேன்.

கம்பிச்சுருள்

யாரும் மாற்றிப் போடவில்லை. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி அகலமாகவும், மறுபக்கக் கண்ணாடி அகலம் குறைந்து சற்றே உயரமாகவும் இருப்பது வேண்டுமென்றே செய்தது. ஓட்டுநர் தன் பக்கக் கண்ணாடியை அருகிலிருந்து ஒரு கோணத்திலும் எதிர்ப்பக்கக் கண்ணாடியைத் தொலைவிலிருந்து வேறொரு கோணத்திலும் பார்க்கிறார். கோணம் வேறானால் தேவைப்படும் அகலமும் வேறு. சமச்சீர் என்பது தெருவில் நின்று வண்டியைப் பார்க்கிறவனுக்கான ஆறுதல். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அக்காலத்தில் வடிவமைப்புத் தலைவராக இருந்த புரூனோ சாக்கோ, அழகுணர்ச்சி மிக்க இத்தாலியர், உதினே நகரில் பிறந்தவர். அவரே இந்தக் கோணல் கண்ணாடிகளுக்கு ஒப்புக்கொண்டார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

மாற்றுக்கருத்து அவர்களின் ஆடி ஒப்பீட்டுக்கு வருகிறேன். எண்ணைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி, ஆடிதான் முன்னோடி. டபிள்யூ124 மாடலுக்கேற்ப 0.29இலிருந்து 0.30 வரையிலும் அதற்குச் சற்று மேலும் எட்டியது. ஆனால் அதை எப்படி எட்டினார்கள் என்று பாருங்கள். டபிள்யூ123 வண்டியின் எண் 0.40க்கு மேல். நிமிர்ந்த ரேடியேட்டர் முகப்பு மெர்சிடிஸின் அடையாளம், அதைக் கைவிட முடியாது. ஆகவே வண்டியின் பின்பாகத்தை மேலிருந்து பார்த்தால் உள்நோக்கிக் குறுகும்படி செதுக்கினார்கள், டிக்கியின் விளிம்பை உயர்த்தினார்கள், சன்னல் கண்ணாடிகளைச் சட்டத்தோடு நெருக்கி அமைத்தார்கள். முகப்புத் தூண்களின் ஓரத்தில் மழைநீர் வழியும் வாய்க்கால் ஒன்று இருக்கிறது; வைப்பர் தள்ளும் நீர் பக்கச் சன்னலில் வழிந்து கண்ணாடியை மறைக்காமல் அதுவே வாங்கிக்கொண்டு போகிறது. காற்றைப் பற்றி யோசித்தவர்கள் அதே இடத்தில் நீரைப் பற்றியும் யோசித்திருக்கிறார்கள்.

உயர் வலிமைத் தகட்டைத் தேவையான இடத்தில் மட்டும் போட்டு மற்ற இடங்களில் இரும்பைக் குறைத்ததும் இதே வண்டியில்தான். எழுபதுகளின் இரண்டு எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிறகு பிறந்த வண்டி இது என்பதை மறந்துவிடுகிறோம். ‘டாங்கி மாதிரி கட்டியிருக்கிறான்’ என்று நாம் தட்டிக்கொடுப்பது வடிவமைத்தவர்களின் காதில் விழுந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள். அவர்கள் கனத்தைச் சேர்க்கவில்லை, எடுத்தார்கள். இரண்டு வைப்பரில் ஒன்றை எடுத்தார்கள். பெரிய கையை எடுத்துவிட்டு மெல்லிய கம்பிகளை வைத்தார்கள். இந்த வண்டியின் குணத்தை ஒரு சொல்லில் சொல்லச் சொன்னால் நான் சிக்கனம் என்றுதான் சொல்வேன். பணத்தில் காட்டிய சிக்கனம் அல்ல, பொருளில் காட்டிய சிக்கனம்.

பட்டறைக்காரி

இதுவரை சக்கரமும் கண்ணாடியும் பேசினீர்கள். ஸ்பானர் பிடிக்கிறவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கோவையில் பழைய ஜெர்மன் வண்டிகளை மட்டும் பார்க்கும் சிறிய பட்டறை என்னுடையது.

இந்த வண்டியின் பானெட்டை வழக்கம்போலத் திறந்தால் ஒரு சாய்வில் நிற்கும். கீலில் இருக்கும் ஒரு கொக்கியைத் தள்ளிவிட்டால் செங்குத்தாக வானத்தைப் பார்த்து நிற்கும். தலையில் இடிபடாமல் என்ஜினுக்குப் பின்புறம்வரை கை போகும். இதற்கு ஒரு கீலும் ஒரு கொக்கியும்தான் செலவு, ஆனால் எங்களைப் போன்றவர்களை நினைத்துப் பார்த்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று. எம்103 என்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் பதினைந்து பாகை சாய்ந்து உட்கார்ந்திருக்கும். பானெட் உயரத்தைக் குறைக்கச் செய்தது, ஆனால் உள்ளிழு குழாயின் பக்கம் எங்களுக்கும் இடம் கிடைத்தது.

இன்னொரு அதிசயம் வெற்றிடக் குழாய்கள். கதவுப் பூட்டுகள், தானியங்கி கியர் மாறும் மென்மை, டீசல் வண்டியில் சாவியைத் திருப்பியதும் என்ஜினை நிறுத்துவது, சில வண்டிகளில் பின்னிருக்கைத் தலைசாய்ப்பான்களை ஓட்டுநர் ஒரு சுவிட்சைத் தட்டிச் சாய்த்துவிடுவது எல்லாமே மெல்லிய பிளாஸ்டிக் குழாய்களில் ஓடும் காற்றின் வேலை. டீசல் வண்டியின் சாவியை எடுத்த பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் வாடிக்கையாளர் பேய் பிடித்ததாகப் பதறுவார். பெரும்பாலும் எங்கோ ஒரு ரப்பர் இணைப்பு வெடித்திருக்கும். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டைவிடக் குறைவு. ஆனால் எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க அரைநாள் ஆகும்.

பக்தர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, குறைகளையும் சொல்கிறேன். 1992 முதல் 1995 வரை வந்த பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றில், சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று கருதப்பட்ட உறை கொண்ட ஒயரிங் போடப்பட்டது. என்ஜின் சூட்டில் அந்த உறை காய்ந்து அப்பளம்போல் நொறுங்கும். உலகம் முழுவதும் அறிந்த குறை இது. நல்ல எண்ணத்தோடு செய்த மாற்றம்தான், சூட்டில் பத்தாண்டு கழித்து என்னவாகும் என்ற கேள்வியை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏசியின் எவாபரேட்டர் ஒழுகினால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். வைப்பருக்கும் டிக்கிக்கும் அவ்வளவு யோசித்தவர்கள் இதை எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் நொந்துகொள்வேன். கம்பிச்சுருள் போற்றும் அந்த ஐந்து கம்பிகளுக்கும் புஷ்கள் உண்டு. ஒன்று தேய்ந்ததும் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை அடுத்தடுத்து வரும். மொத்தமாக மாற்றிவிடுவதே அறிவு.

இந்தியாவில் இருப்பவை பெரும்பாலும் புனேயில் பூட்டப்பட்ட ஈ 220, ஈ 250 டீசல் வண்டிகள். 1994இல் டெல்கோவுடன் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டுச்சேர்ந்து நிறுவனம் தொடங்கி, 1995இல் வெளியிட்ட முதல் கார் இதுதான். அதற்கு நாற்பதாண்டுக்கு முன்பே, 1954இல், இதே இரு நிறுவனங்களும் லாரிக்காகக் கைகோத்திருந்தன. எங்கள் தாத்தா காலத்து ஓட்டுநர்கள் ‘பென்ஸ் லாரி’ என்று சொன்னது அந்த உறவைத்தான். இந்த மேடையில் சிலர் ‘நான் பென்ஸ் டீசலைத் தொட்டதே இல்லை’ என்று எழுதுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். டெம்போ டிராவலரில் ஊட்டிக்குப் போனவர்கள் பலரும், பழைய 240 டி செடானில் இருந்த ஓஎம்616 என்ஜினின் வழிவந்த ஒன்றுதான் தங்களை மலையேற்றியது என்று அறியாமலேயே இறங்கிப் போயிருப்பார்கள்.

சிவப்புக்கோடு

500 ஈ வண்டியைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்ற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

1990ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் காட்டப்பட்ட அது, வெளித்தோற்றத்தில் மற்ற டபிள்யூ124 போலவே இருக்கும். மட்கார்டுகள் மட்டும் சற்று வீங்கியிருக்கும், உயரம் சற்றுத் தாழ்ந்திருக்கும். பானெட்டுக்குள் 500 எஸ்எல் வண்டியிலிருந்து வந்த ஐந்து லிட்டர் எட்டு சிலிண்டர் என்ஜின், 326 குதிரைத்திறன், மணிக்கு 250 கிலோமீட்டரில் மின்னணுக் கட்டுப்பாடு. அந்த என்ஜின் அடைத்துக்கொண்டதால் பேட்டரி டிக்கிக்குப் போனது. பின்னிருக்கையில் மூவருக்குப் பதில் இருவருக்கே இடம்.

இதன் கூத்து அது தயாரான விதத்தில் இருக்கிறது. வீங்கிய மட்கார்டுகளோடு அந்த உடல் மெர்சிடிஸின் சிண்டெல்ஃபிங்கன் ஆலையின் வரிசையில் நுழையவில்லை. வடிவமைப்புப் பணியில் ஏற்கெனவே உதவிய போர்ஷே நிறுவனத்திடம் அப்போது வேலை குறைவு. ஆகவே தகடுகள் சிண்டெல்ஃபிங்கனிலிருந்து போர்ஷேயின் சுஃபன்ஹவுசனுக்குப் போய் அங்கே உடலாகும். வண்ணம் பூச மறுபடியும் சிண்டெல்ஃபிங்கன். என்ஜின் ஏற்ற மறுபடியும் சுஃபன்ஹவுசன். கடைசிச் சோதனைக்கும் ஒப்படைப்புக்கும் மறுபடியும் சிண்டெல்ஃபிங்கன். பெண் பார்க்கப் போன வீட்டுக்கு நாலுமுறை நடந்த கதைதான். ஒரு வண்டி முடிய 18 நாள். 1995இல் நிறுத்தும்வரை மொத்தம் 10,479 வண்டிகள் மட்டுமே.

மாற்றுக்கருத்து

500 ஈ நல்ல கதை. ஆனால் கம்பிச்சுருளின் சிக்கன வாதத்துக்கு அது எதிர்ச்சான்று அல்லவா? ஒரே வண்டியை இரண்டு ஆலைகளுக்கு நடுவே அலைய விடுவதில் என்ன சிக்கனம்?

மற்றபடி நெக்கார்கரை எழுதியதைப் படித்ததும் என் முதல் பதிவில் ஒரு பிழை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். சொகுசு என்றால் தோலும் மரமும் பொத்தான்களும் என்று எடுத்துக்கொண்டு பேசினேன். பத்து மணிநேரம் கழித்து முதுகு வலிக்காததும் சொகுசுதான். அந்தக் கணக்கில் கைச்சுற்று சன்னல் கொண்ட 200 டி வண்டியும் சொகுசு வண்டியே. ஸ்டியரிங் பற்றிய என் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் இன்னொரு கட்டுக்கதையை உடைக்க விரும்புகிறேன். ‘பொறியாளர்கள் ஆண்ட காலம் முடிந்து கணக்கர்கள் ஆண்ட காலம் தொடங்கியது, அதனால்தான் இதற்கு அடுத்ததாக 1995இல் வந்த டபிள்யூ210 துருப்பிடித்தது’ என்று எல்லா மேடைகளிலும் எழுதுகிறார்கள். துரு உண்மை, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் டபிள்யூ124 காலத்திலும் கணக்கர்கள் இருந்தார்கள். விலையைக் கூட்டிக் கேட்டாலும் வாங்க ஆள் இருந்த காலம் அது, ஆகவே அவர்கள் சும்மா இருந்தார்கள். 1989இல் லெக்ஸஸ் எல்எஸ் 400 வந்து, அதே அமைதியையும் அதே தரத்தையும் குறைந்த விலைக்குத் தர முடியும் என்று காட்டிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பொறியாளர்கள் திறமை இழக்கவில்லை. செலவைச் சொல்லிவிட்டு வண்டியைச் செய்யச் சொன்னால் ஒரு வண்டி வரும், வண்டியைச் செய்துவிட்டு விலையைச் சொல்லலாம் என்றால் வேறொரு வண்டி வரும்.

கம்பிச்சுருள்

500 ஈ பற்றிய குத்தல் நியாயமானது. அதைச் சிக்கனத்தில் சேர்க்க முடியாது. ஆனாலும் அந்த வண்டியைச் சாலையில் நிறுத்திய அடித்தளம் புதிதல்ல என்பதைக் கவனியுங்கள். 72 குதிரைத்திறன் டீசலுக்கும் 326 குதிரைத்திறனுக்கும் அடிப்படையில் அதே ஐந்து கம்பிப் பின்னமைப்புதான். நான்கரை மடங்கு சக்தியைத் தாங்கும் இடைவெளியை முதல் வரைபடத்திலேயே விட்டு வைத்திருந்தார்கள். இது வீணா, தொலைநோக்கா என்பது அவரவர் முடிவு.

லெக்ஸஸ் பற்றி நீங்கள் சொன்னதோடு எனக்கு முழு உடன்பாடு.

தேடல்

பெரியவர்கள் விவாதத்துக்கு நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு 1995ஆம் ஆண்டு ஈ 220 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்று பட்டறைக்காரி அக்கா சொல்ல முடியுமா? முன்பு வேறொரு வண்டியை, ஓர் இடைத்தரகரை நம்பி, தண்ணீர் ஊற்றிக் கழுவி மினுக்கி வைத்திருந்ததைப் பார்த்து வாங்கிச் சூடுபட்டவன் நான்.

பட்டறைக்காரி

சொல்கிறேன், தம்பி. கழுவித் துடைத்து வைத்திருந்தால் மாலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே போய் நில்லுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். எம்111 என்ஜின் முதல் சில நொடிகளுக்கு டைமிங் செயின் சலசலத்து அடங்கினால் பரவாயில்லை, அடங்காமல் நின்றால் விலையில் கழிக்க வேண்டும். ஒயரிங் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பில்லைக் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் என்ஜினுக்கு அருகே ஓர் ஒயரின் மேலுறையைச் சற்றே விலக்கி, உள்ளே இருப்பதை விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வளைந்தால் நல்லது, உதிர்ந்தால் பேரத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.

கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பிளாஸ்டிக் பட்டையை ஜெர்மானியர்கள் சாக்கோ பலகை என்பார்கள். அதற்குப் பின்னால் துரு ஒளிந்திருக்கும். ஜாக்கி வைக்கும் துளைகளின் மூடியைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். மணலும் ஈரமும் வந்தால் யோசிக்க வேண்டும். முன்மட்கார்டின் அடிவிளிம்பையும் தடவிப் பாருங்கள். தானியங்கி கியர் என்றால் மெதுவாகக் கிளம்பும்போது அது இரண்டாம் கியரிலிருந்துதான் கிளம்பும். அது நோயல்ல, அதன் பழக்கம். முழுக்க மிதித்தால் முதல் கியர் விழ வேண்டும். ஏசியை அரைமணி நேரம் ஓடவிட்டுக் குளிர்ச்சி குறைகிறதா என்று பாருங்கள். டாஷ்போர்டு விஷயம் மேலே எழுதியிருக்கிறேன், திரும்பப் படித்துக்கொள்ளுங்கள்.

நல்ல சாலையில் அறுபதில் போகும்போது வளைவின் நடுவில் ஒருமுறை காலை எடுத்துப் பாருங்கள். பின்புறம் தயங்கி ஒரு பக்கமாக நெளிந்தால் புஷ்கள் போய்விட்டன. ஓட்டத் தகாத அளவுக்கு இராது, ஆனால் தெரியும்.

கடைசியாக, நாலுசக்கரம் தொடங்கி வைத்த அந்த வைப்பர். அதன் பல்சக்கரப் பெட்டிக்குள் இருக்கும் கிரீஸ் இத்தனை வருடத்தில் மெழுகாக இறுகியிருக்கும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை, அதனால் மோட்டார்தான் சாகிறது. ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய்க் கண்ணாடியில் ஊற்றிவிட்டுப் போடுங்கள். காய்ந்த கண்ணாடியில் போட்டால் ரப்பரும் இழுக்கும், எது திணறுகிறது என்றே தெரியாது. மேல்மூலைக்கு நீளும்போது கை திக்கினால் பெட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ் வைக்க வேண்டும். ஒரு பிற்பகல் வேலை. வண்டியை வாங்கினால் கோவைப் பக்கம் வரும்போது கொண்டு வாருங்கள், செய்து தருகிறேன்.